பதினொரு நிமிஷம்

வானத்தைப் படிக்கிறவள் என்று ஊரில் எனக்குப் பேர். உண்மையில் நான் வானத்தை நிமிர்ந்து பார்த்ததே குறைவு. பார்த்ததெல்லாம் காகிதம். ஒரு சாண் அகலத்தில் ஒரு காகிதச் சுருள், அதன்மேல் ஒரு மைப்பேனா விடாமல் இழுத்துக்கொண்டே போகும் கோடு. அந்தக் கோடு எப்போது கீழே இறங்கும் என்று பார்த்தே என் இளமையில் பாதி போயிற்று. மீதிப் பாதி பேனாவில் மை காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில் போயிற்று.

காரைக்குடியில் என் மாமியார் வீட்டு அறையில்தான் அந்தக் கருவி இருந்தது. எங்கள் வழக்கப்படி மகனுக்குக் கல்யாணம் ஆனதும் தனியாக வைத்துவிடுவார்கள். வீடு ஒன்றுதான், வாசல் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் அறை, ஓர் அடுப்பு. கோயில் கணக்கில் அந்த ஜோடி ஒரு புள்ளி. என் புள்ளியில் பாதி கல்யாணமான ஆறாம் மாதமே ஈப்போவுக்குக் கப்பல் ஏறிவிட்டது. சீர்ப் பாத்திரங்களோடு நான் மட்டும் அறையில் மிஞ்சினேன். பெரிய அண்டா ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ரேடியோ ரிசீவரை வைத்தேன். பக்கத்தில் இன்னோர் அண்டாவின்மேல் கோடு போடும் கருவி. மொட்டைமாடியில் செப்புக் கம்பி கட்ட வேண்டியிருந்தது. கைப்பிடிச் சுவர் மூலையில் துப்பாக்கியோடு நிற்கும் சுதைச் சிப்பாயின் இடுப்பில் ஒரு முனையைக் கட்டினேன். அந்த வீட்டில் எனக்குக் கேள்வி கேட்காமல் உதவி செய்தவர் அவர்தான்.

நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, மதுரைப் பேராசிரியர் ஒருவரிடம் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். வேலை இதுதான்: கடலுக்கடியில் கிடக்கும் கப்பல்களோடு பேசுவதற்காக இங்கிலாந்தில் ஒரு ரேடியோ நிலையம் இரவும் பகலும் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த அலை பூமிக்கும், மேலே இருக்கும் மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்குக்கும் நடுவே முட்டி மோதி எங்கள் மாடிவரைக்கும் வரும். மேலடுக்கில் ஏதாவது நடந்தால் அலையின் பலம் மாறும், காகிதத்தில் கோடு ஏறும் அல்லது இறங்கும். சூரியனில் வெடிப்பு நடந்தால் பகலில் அது தெரியும். அதைத்தான் நானும் மூன்று வருஷம் எழுதிவந்தேன். உலகத்தில் பலரும் எழுதியாயிற்று. பேராசிரியரே ஒருநாள் சொல்லிவிட்டார்.

"இதுல புதுசா ஒண்ணுமே இல்லைன்னா இன்னொரு வருஷம் கேட்டு வாங்க என்னால முடியாதும்மா. சித்திரையோட முடியுது. அதுக்குள்ள ஏதாவது பாரு."

ஈப்போவிலிருந்து லீவில் வந்திருந்த என் கணவரும் அதையேதான் வேறு வாயால் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. சித்திரைக்குள் பட்டம் வரும் என்றால் இரு, இல்லாவிட்டால் டிக்கெட் எடுத்துவிடுவோம் என்றார். நியாயமான பேச்சு. அந்த நியாயத்தை நினைத்து எத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. ஈப்போவில் ஒரு வீடும், ஒரு அடுப்பும், ஒரு புருஷனும் காத்திருந்தார்கள். கோடு போடும் கருவி ஒன்றும் காத்திருக்கவில்லை. போனால் அதோடு சரி. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, வேறு யாரும் காணாத ஒரு சரிவு.

எழுபத்து மூன்று முடிகிற சமயம். ஊரில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்து நூலகத்துக்குக் கப்பலில் ஆடி அசைந்து வந்து சேர்ந்த பத்திரிகை ஒன்றைப் புரட்டினேன். விண்வெளியில் யாராவது திருட்டுத்தனமாக அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்காக்காரர்கள் செயற்கைக்கோள்களை மேலே அனுப்பியிருந்தார்கள். குண்டு அகப்படவில்லை. வேறொன்று அகப்பட்டது. வானத்தில் எங்கிருந்தோ திடீரென்று காமாக் கதிர்கள் கொட்டுகின்றன. சில விநாடி. பிறகு ஒன்றும் இல்லை. ஒரு செயற்கைக்கோளைத் தொட்டுவிட்டு மறு செயற்கைக்கோளைத் தொட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அது பூமியிலிருந்து வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்று சொல்லியிருந்தார்கள். எதிலிருந்து வருகிறது, அது யாருக்கும் தெரியாது. வந்தது தெரிந்து தொலைநோக்கியைத் திருப்புவதற்குள் அது போய்விடுகிறது. கடைசியில், எந்தெந்த நாள், எந்தெந்த நேரம் வந்தன என்று போட்டிருந்தார்கள்.

நான் அந்த மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நாட்களில் பாதிக்கு மேல் என் கருவி ஓடிக்கொண்டிருந்த நாட்கள். அத்தனை சுருளும் என் அறையில், சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே இருந்தன. காமாக் கதிர் இரவு நேரத்தில் மேலடுக்கில் பட்டால் பகல் கொஞ்ச நேரம் வந்துபோன மாதிரி ஆக வேண்டும். கோடு சரிய வேண்டும். அப்படிச் சரிந்திருந்தால், செயற்கைக்கோள் இல்லாமல், மாடியில் கட்டிய செப்புக் கம்பியைக் கொண்டே அந்தக் கதிர்களைப் பின்தொடரலாம் என்று ஆகும். பட்டத்தை விடுங்கள், உலகத்தில் யாரும் செய்யாத காரியம் அது.

வீட்டுக்கு வந்ததும் என் நாத்தனாரைக் கூப்பிட்டேன். என் கணவரின் தங்கை. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்துக்குள் மஞ்சள்காமாலையில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பியிருந்தாள். வயது இருபத்திரண்டு. யார் முகத்தையும் பார்க்காமல் வளவின், அதாவது வீட்டு நடுமுற்றத்தின், ஓரமாக நடந்துபோவாள். என் அறைக்கு மட்டும் வருவாள். சுருளின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்வாள், மறு முனையை நான் விரித்துக்கொண்டே போவேன். எங்களுக்குள் பேச்சு அதிகம் கிடையாது. அந்த வீட்டில் அவளிடம் 'பாவம்' என்று சொல்லாத ஆள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, அவ்வளவுதான்.

பல நாள் விரித்துப் பார்த்தோம். சில கதிர்கள் எங்களுக்குப் பகலில் வந்திருந்தன, பிரயோஜனமில்லை. சில வந்தபோது மின்சாரம் இல்லை. ஒன்றின்போது பேனாவில் மை காய்ந்து வெறும் கீறல். இரண்டு நல்ல இரவுகளில் கருவி ஒழுங்காக ஓடியிருந்தது, ஆனால் கோடு அசையவே இல்லை. கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஒரு தை மாதத்து வியாழக்கிழமை. நம் நேரப்படி விடியற்காலை ஆறு மணி ஐந்து நிமிஷம், சூரியன் எட்டிப்பார்ப்பதற்குச் சற்று முன்னால்.

அந்தச் சுருளில் சரிவு இருந்தது. ஒரு நெல் நீளத்துக்குச் செங்குத்தாக இறங்கி, பிறகு மெல்ல மெல்ல ஏறியிருந்தது. புத்தகத்தில் வரைந்து காட்டுவது போல அவ்வளவு அழகு. ஆனால் அது இருந்த இடம் ஐந்து மணி ஐம்பத்து நான்கு நிமிஷம்.

பதினொரு நிமிஷம் முன்னால். கதிர் வருவதற்குப் பதினொரு நிமிஷம் முன்னால் கோடு எப்படிச் சரியும். காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் 11 என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டேன். என்ன செய்வதென்று தெரியாத ஆத்திரத்தில் வட்டத்தின்மேல் வட்டமாக, காகிதம் கிழியும்வரை. நாத்தனார் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பதினொண்ணு என்னா அண்ணமிண்டி?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அந்தப் பதினொரு நிமிஷம் மட்டும் கிடைச்சா நான் பொழச்சேன்" என்றேன். "கிடைக்காட்டி கப்பல்தான்."

அதற்குப் பிறகுதான் அந்த வியாழக்கிழமை எந்த வியாழக்கிழமை என்று எனக்கு உறைத்தது. இதே நாத்தனாரின் கல்யாண நாள். அவளுக்கு அது முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அன்றைக்கு நடந்ததை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்தேன். முகூர்த்தம் விடியற்காலையில். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு எமகண்டம் தொடங்கிவிடும், அதற்குள் திருப்பூட்டு, அதாவது தாலிகட்டு, முடிய வேண்டும். வலையபட்டியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரின் கார் குன்றக்குடி தாண்டியதும் டயர் வெடித்து நின்றுவிட்டது. அவர்கள் வந்து சேர்ந்தபோது எல்லார் முகத்திலும் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்து சீரியல் பல்பின் பாரம் தாங்காமல் வீட்டு ஃபியூஸ் போயிற்று. வளவு முழுக்க இருட்டு. யாரோ பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள், யாரோ ஃபியூஸ் கம்பி தேடினார்கள். மின்சாரம் திரும்பியதும் என் கருவியும் தானாக ஓடத் தொடங்கியிருக்குமே என்று நான் அறைக்கு ஓடினேன். பட்டுப்புடவையும் வளையலுமாக இருந்ததால் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். ஓடுகிற ஓட்டத்தில் வளவுச் சுவரில் தொங்கிய பர்மாக் கடிகாரத்தைப் பார்த்தேன். காகிதத்தில் 5.40 என்று எழுதிவிட்டு அடுக்களைப் பக்கம் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் காகிதம் சிக்கிச் சுருண்டு நின்றும்விட்டது. அந்தத் துண்டுச் சுருளுக்கு நேரம் சொல்ல என் கையெழுத்தில் அந்த ஓர் எண்தான்.

ஃபியூஸ் எத்தனை நேரம் போயிருந்தது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் மட்டும் போனதால் வேறெங்கும் அது பதிவாகியிருக்காது. மறுநாள் சாயந்தரம் ரேடியோவில் மணி ஒலிக்கும்போது நான் அந்தச் சுவர்க் கடிகாரத்தைச் சரிபார்த்தேன், அது சரியாகத்தான் ஓடியது. அதனால்தான் அதுவரை சந்தேகமே வரவில்லை. ஆனால் ஒன்று எனக்குக் காதில் இருந்தது. அடுக்களையில் பாயசத்தைக் கிளறிக்கொண்டு நின்றேன். ஊர்ச் சங்கு ஊதியது. ஆறு மணிச் சங்கு. அதற்குப் பிறகுதான் கெட்டிமேளம் கேட்டது.

யாரோ கடிகாரத்தின் முள்ளைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். எமகண்டத்துக்குள் கல்யாணம் நடந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, இருட்டோடு இருட்டாகத் தள்ளி, காரியம் முடிந்ததும் திரும்பச் சரியாக வைத்திருக்கிறார்கள். உலகத்தில் வேறெங்கே இப்படி ஒரு காரியம் நடக்கும். செயற்கைக்கோள்கள் விநாடியின் பின்னங்களை அளந்துகொண்டிருந்த அதே நேரத்தில், கீழே எங்கள் வளவில் ஒரு பெரிய மனிதர் பெஞ்சில் ஏறி நேரத்தையே தள்ளிவைத்திருக்கிறார்.

அவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் மாமனாரின் அண்ணன். மாமனார் காலமான பிறகு அந்த வீட்டில் எது நடந்தாலும் முன்னால் நிற்பவர் அவர். எண்பதை நெருங்கியிருந்தார். முன் ஹாலில் சாய்வு நாற்காலியில் இருந்தவரிடம் போய் நின்றேன். சுற்றி வளைத்தெல்லாம் பேச எனக்கு வராது.

"பெரிய மாமா, அன்னைக்கிக் கல்யாணத்துல கடியாரத்தைத் தள்ளி வச்சீகளா? எம்புட்டுத் தள்ளுனீகன்னு மட்டும் சொல்லுங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கழுத்தில் இருந்த ருத்திராட்சத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வீட்டுக் கடியாரத்தை யாரு தொடப்போறாக? முகூர்த்தம் தப்பியிருந்தா நான் திருப்பூட்ட விட்டிருப்பேனா? பிள்ளையார் சத்தியமாச் சொல்றேன், ஆறுக்கு முன்னாடிதான்."

"சங்கு ஊதுனது எனக்குக் கேட்டுச்சு மாமா."

"உனக்குக் கேட்டுச்சு. எனக்குக் கேக்கல. போத்தா."

திரும்பினால் பின்னால் என் மாமியார் நின்றார்கள். கையில் சுளகு, அதில் பாதி புடைத்த உளுந்து. எவ்வளவு கேட்டார்களோ தெரியாது. மருமகன் போன நாளிலிருந்து அவர்களுக்கு ஒரே பேச்சுத்தான். யார் துக்கம் கேட்க வந்தாலும், 'நல்ல நேரத்துலதானே கட்டுனோம், நாங்க ஒரு குறையும் வைக்கலையே' என்பார்கள். வந்தவர்கள் ஆமாம் என்று சொல்லும்வரை விட மாட்டார்கள். தினமும் விளக்கேற்றுகிற நேரத்தில் என்னிடமும் அதையே கேட்பார்கள். நானும் உம் கொட்டிவிட்டு அறைக்குள் போய்விடுவேன். அன்றைக்கு என் பின்னாலேயே அறைவரைக்கும் வந்தார்கள்.

"என்னத்தைக் கேட்டுக்கிட்டு இருந்த அவுகட்ட?"

"ஒண்ணுமில்ல அயித்தை. என் வேலை விசயமா."

"உன் மிசின்லயும் அன்னைக்கி நேரம் விழுந்திருக்குமாக்கும்?"

நான் சுருளைச் சுற்றத் தொடங்கினேன். அவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குரல் இறங்கிவிட்டது.

"நேரம் சரியில்லாமக் கட்டுனோம்னு ஆச்சுன்னா, நாங்களே கொன்னோம்னு ஆயிரும் தாயி. எனக்கு அந்த ஒரு நெனப்புலதான் உசுரு நிக்கிது."

எமகண்டத்தால் காமாலை வராது என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது. அவர்கள் கேட்டது அதையல்ல. ஆனால் எனக்கும் அந்த ஒரு சுருளில்தான் உயிர் நின்றது. சித்திரைக்கு இரண்டு மாதங்கூட இல்லை. ஈப்போவுக்குத் திரும்பிவிட்ட கணவர் கப்பல் விவரம் கேட்டு ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். நான் ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். யாரிடம் போய்ச் சொல்ல, எனக்குப் பதினொரு நிமிஷம் குறைகிறது என்று.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் எல்லாரும் படுத்திருந்தபோது நாத்தனார் வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"நான் பாத்தேன் அண்ணமிண்டி" என்றாள். "மணையில நிக்கிறப்ப. லைட்டு போனப்ப பெரியப்பச்சி பெஞ்சைப் போட்டு ஏறுனாக. பெரிய முள்ளு பத்துல நின்னுச்சு. எட்டுக்கு ஒரு கோடு முன்னால கொண்டாந்து வச்சாக. ஆத்தாட்ட மட்டும் சொல்லிராதீக."

பத்து என்றால் ஐம்பது. எட்டு என்றால் நாற்பது, அதற்கு ஒரு கோடு முன்னால் முப்பத்தொன்பது. பதினொரு நிமிஷம்.

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அந்த வீட்டுக்கு வந்த பிறகு யாரையும் நான் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. அவள் உடம்பு விறைத்துப்போய் நின்றது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அந்தக் கணத்தில் நான் நினைக்கவே இல்லை. விடிந்ததும் சுருளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். திருப்பத்தூர் தாண்டும்வரை பையை மடியைவிட்டு இறக்கவில்லை.

பேராசிரியர் சுருளை ஜன்னலோரம் விரித்து ரொம்ப நேரம் பார்த்தார். நல்ல மனிதர். அவருக்கும் ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது.

"சரிவு நல்லாத்தான் இருக்கு. நேரத்தைத் திருத்தினது எப்படி?"

சொன்னேன். முள்ளைத் தள்ளியதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தப் பொண்ணு சொன்னது எப்போ? நீ வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சதுக்கு அப்புறமா, முன்னாடியா?"

"அப்புறம் சார்."

"பதினொண்ணுதான் உனக்கு வேணும்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்" என்றேன். பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

"யோசிச்சுச் சொல்லு. தெரிஞ்சிருந்தா இது ஒண்ணுக்கும் ஆகாது. விடையைக் கையில வச்சுக்கிட்டு நேரத்தைத் திருத்துனா எல்லாச் சரிவும் எல்லாக் கதிரோடயும் பொருந்தும். தெரியாம அவளாச் சொன்னதுன்னா, நானே எழுதி அனுப்புறேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் சுருளை மடியில் விரித்தேன். ஓரத்தில் பென்சிலில் 11. காகிதம் கிழிய நான் போட்ட வட்டங்கள். அதற்குப் பக்கத்திலேயே, அவள் பிடித்துப் பிடித்து மழுங்கிப்போன முனை. 'பதினொண்ணு என்னா அண்ணமிண்டி?' அவள் கேட்டதும் ஞாபகம் வந்தது. நான் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது. இல்லை, அவள் நிஜமாகவே பார்த்திருப்பாள், பார்க்காமலா கோடு உட்படச் சொன்னாள் என்று குன்றக்குடி வரும்வரை எனக்கு நானே வாதாடிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பை உதறிவிட்டு நேரே வளவுக்குப் போனேன். கல்யாண மணை போட்ட இடம் எனக்குத் தெரியும். அங்கே போய்க் கிழக்கு முகமாக நின்றேன். அவள் அளவுக்கு முட்டியை மடக்கியும் பார்த்தேன். எப்படி நின்றாலும் நடுத்தூண் மறைத்தது. கடிகாரத்தின் அடியில் ஆடும் பெண்டுலம் மட்டும்தான் தெரிந்தது. பெஞ்சை இழுத்துப்போட்டு ஏறி, கண்ணாடிக் கதவைத் திறந்தேன். கீல் கிறீச்சிட்டது. பழைய பர்மாக் கடிகாரம், வெள்ளைத் தகட்டில் பன்னிரண்டு ரோமன் எண்கள். எண்களுக்கு நடுவே நிமிஷக் கோடுகளே இல்லை. எத்தனை வருஷம் அதைக் கடந்து போய் வந்திருக்கிறேன், அது என் கண்ணில் படவே இல்லை.

கீல் சத்தம் கேட்டு நாத்தனார் தன் அறை வாசலுக்கு வந்தாள். நான் பெஞ்சின்மேல் நிற்பதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. என் பின்னாலேயே அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"நெசத்தைச் சொல்லு" என்றேன். "பாத்தியா?"

"பாக்கல." தலை நிமிரவில்லை. "இருட்டுல பெஞ்சு இழுத்த சத்தம் கேட்டுச்சு. அந்தக் கதவு கிறீச்சுன்னு தெறந்துச்சு. பெரியப்பச்சி இருமுனாக. என்ன பண்றாகன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"எம்புட்டுத் தள்ளுனாகன்னு?"

"அது எனக்கு எப்படித் தெரியும் அண்ணமிண்டி?" என்றாள். "உங்களுக்குப் பதினொண்ணு வேணும்னீகளே."

கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அதற்குள் இன்னொன்று உறைத்துவிட்டது. தன் கழுத்தில் தாலி எமகண்டத்தில்தான் ஏறியது என்று மணையில் நிற்கும்போதே இவளுக்குத் தெரியும். புருஷன் மஞ்சள் பூத்துக் கிடந்த நாளெல்லாம் தெரியும். வளவில் அவள் ஆத்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நல்ல நேரம் நல்ல நேரம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதும், எல்லாம் தெரிந்தவளாக ஓரமாக நடந்துபோயிருக்கிறாள். யாரிடமும் சொல்லாததை என்னிடம் எடுத்துக்கொடுத்திருக்கிறாள், நான் கப்பல் ஏறிவிடக் கூடாது என்று. எனக்காகவும் ஒருத்தி அந்த வீட்டில் முள்ளை நகர்த்தி வைத்துவிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

முள் நகர்ந்தது உண்மை. பத்து நிமிஷமோ, பன்னிரண்டோ, பதினொன்றேதானோ. அது இனி எனக்கு எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. அந்தச் சரிவு வானத்தில் எங்கோ ஒன்று வெடித்ததால் வந்ததா, கல்யாணத்து மைக்செட்டுக்காரன் ஸ்விட்சைப் போட்டதால் வந்ததா என்பதும் தெரியப்போவதில்லை. பேராசிரியருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. ஈப்போவுக்கும் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது.

வெளியே விளக்கேற்றும் நேரம். மாமியார் வளவில் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டு தினமும் கேட்பதைக் கேட்டார்கள்.

"அன்னைக்கி நல்ல நேரந்தானே தாயி?"

நான் ரப்பரை எடுத்து 11ஐ அழித்தேன். வட்டம் அழியவில்லை, எண் மட்டும் போயிற்று. சுருளை எடுத்துக்கொண்டு வெளியே போய் விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் முன்னால் விரித்தேன். நாத்தனார் வழக்கம்போல ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தா பாருங்க அயித்தை. லைட்டு வந்ததும் என் கையால எழுதுனது. அஞ்சு நாப்பது. அதுக்கு அப்புறம் கொஞ்ச நேரத்துலயே திருப்பூட்டு. ஆறுக்கு முன்னாடிதான். மிசின் பொய் சொல்லாது."

அவர்கள் அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். எழுத்துக் கூட்டுவது போல அஞ்சு, நாப்பது என்று வாய்க்குள் சொன்னார்கள். விரல் அப்படியே கோட்டின்மேல் நகர்ந்து, சரிவின்மேல் ஏறி இறங்கி, அடுத்த பக்கம் போயிற்று. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாத்தனார் என்னைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் கப்பல் ஏறும்போது ரிசீவரைக் கல்லூரியில் ஒப்படைத்துவிட்டேன். மற்றச் சுருள்களைப் பரணில் போட்டேன். அந்த ஒன்றை மட்டும் மாமியார் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.